கிடங்கிலிருந்து கசியும் வெடிபொருள்: தடுக்கும் சட்டங்கள் வலுவிழப்பது எங்கே?

புது தில்லி செங்கோட்டை அருகே 2025 நவம்பர் 10-ஆம் தேதி மாலை கார் ஒன்று வெடித்துச் சிதறியதில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே நாளில்தான், ஹரியானா மாநிலம் ஃபரீதாபாதில் நடத்தப்பட்ட சோதனைகள் உள்பட, மொத்தம் சுமார் 2,900 கிலோ வெடிகுண்டுத் தயாரிப்புப் பொருள்களைக் கைப்பற்றியதாக ஜம்மு-காஷ்மீர் காவல்துறை அறிவித்திருந்தது. அவற்றுள் அதிகம் பேசப்பட்டது அமோனியம் நைட்ரேட். சதியில் யாருக்கு என்ன பங்கு என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கும். எனினும், அந்த வழக்கைத் தாண்டிய கேள்வி ஒன்று உண்டு. உரிமம் இல்லாமல் வாங்கவோ, விற்கவோ, வைத்திருக்கவோ கூடாது என்று 2012 முதல் விதி இருக்கும் ஒரு பொருள், மூட்டை மூட்டையாகத் தவறான கைகளுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது?

சட்டம் இல்லாதது இதற்குக் காரணமன்று. வெடிபொருள்களைக் கட்டுப்படுத்த இந்தியாவில் ஒன்றரை நூற்றாண்டுக்கு நெருக்கமான சட்ட மரபு உள்ளது. தொழிற்சாலை வாயில் முதல் உரிமம் பெற்ற கிடங்கின் கதவு வரை அந்தச் சட்டம் வெடிபொருளைப் பின்தொடர்கிறது. கதவைத் திறந்து வெடிபொருளை வெளியே எடுத்த பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் அதனால் எளிதில் காண முடிவதில்லை.

எல்லை தாண்டி வந்ததும் உள்ளூரில் கிடைப்பதும்

மும்பையில் 1993 மார்ச் 12-ஆம் தேதி நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 257 பேர் உயிரிழந்தனர். அதற்குப் பயன்பட்ட ஆர்.டி.எக்ஸ். ராணுவத் தரத்திலான வெடிபொருள். அது மகாராஷ்டிரத்தின் ராய்கட் மாவட்டக் கடற்கரையில், ஷேக்காடி போன்ற ஒதுக்குப்புறமான இடங்களில் படகு வழியாக இறக்கப்பட்டது. கடத்தலைக் கண்டும் காணாதிருந்ததற்காகச் சுங்கத்துறை, காவல்துறை ஆகியவற்றைச் சேர்ந்த சிலரும் அவ்வழக்கில் தண்டிக்கப்பட்டனர். கடலோரக் காவலையும் எல்லைச் சோதனையையும் பலப்படுத்தினால் போதும் என்ற எண்ணம் அந்நாளில் மேலோங்கியிருந்ததற்கு இதுவே அடிப்படை.

அடுத்து வந்த ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1998 பிப்ரவரி 14-இல் கோயம்புத்தூரை உலுக்கிய குண்டுவெடிப்புகளில் பயன்பட்டவை பெரும்பாலும் ஜெலட்டின் குச்சிகள். அவை கல் உடைக்கவும் கிணறு வெட்டவும் உள்நாட்டிலேயே தயாரானவை. 58 உயிர்கள் பறிபோன அந்தச் சம்பவத்துக்கு எல்லை தாண்டி எதுவும் வர வேண்டியிருக்கவில்லை. ஹைதராபாதில் 2007 ஆகஸ்ட் 25-இல் லும்பினி பூங்காவிலும் கோகுல் சாட் உணவகத்திலும் வெடித்தவையும் குவாரிகளுக்கென விற்கப்படும் வணிக வெடிபொருளால் ஆனவையே. 42 பேர் மாண்டனர். மறு ஆண்டு அகமதாபாதில் 56 பேரைப் பலிகொண்ட தொடர் குண்டுவெடிப்புகளிலும், 2011 ஜூலை 13-இல் மும்பையின் ஜவேரி பஜார், ஓபரா ஹவுஸ், தாதர் பகுதிகளில் நிகழ்ந்தவற்றிலும் அமோனியம் நைட்ரேட் கண்டறியப்பட்டது.

எனவே, பயங்கரவாதிகளிடம் வெடிபொருள் சேராமல் தடுப்பது எல்லைப் பாதுகாப்போடு முடிந்துவிடுவதன்று. சுரங்கம், சாலை, அணை, கட்டுமானம் எனப் பொருளாதாரத்தின் நடுவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வணிகத்துக்குக் கணக்கு வைப்பதும் அதில் அடங்கும். நிலக்கரி இல்லாமல் மின்சாரம் இல்லை. வெடி வைக்காமல் திறந்தவெளிச் சுரங்கத்திலிருந்து நிலக்கரி வருவதில்லை. முற்றாகத் தடை செய்யும் வழி அரசின் முன் இல்லை.

இரண்டு சட்டங்கள், இரண்டு நோக்கங்கள்

வெடிபொருள் தொடர்பாகச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் இரண்டு சட்டங்களை வாசகர்கள் ஒன்றெனக் குழப்பிக்கொள்வதுண்டு. 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள்கள் சட்டம் ஓர் உரிமச் சட்டம். யார் தயாரிக்கலாம், எங்கே சேமிக்கலாம், எந்த வண்டியில் எடுத்துச் செல்லலாம் என்பவற்றை அது வரையறுக்கிறது. இன்று நடைமுறையில் உள்ள 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள்கள் விதிகள் இதன்கீழ் வகுக்கப்பட்டவை.

மற்றொன்று, 1908-ஆம் ஆண்டின் வெடிக்கும் பொருள்கள் சட்டம். இது தண்டனைச் சட்டம். அவ்வாண்டு ஏப்ரல் 30-இல் முஸாஃபர்பூரில் குதிராம் போஸ், பிரஃபுல்ல சாகி ஆகியோர் வீசிய குண்டைத் தொடர்ந்து, ஜூன் மாதத்திலேயே ஆங்கிலேய அரசு இதை அவசரமாக நிறைவேற்றியது. மத்தியச் சட்டப் பேரவையில் 1929-இல் குண்டு வீசிய பகத் சிங்கும் படுகேஸ்வர் தத்தும் தண்டிக்கப்பட்டதும் இச்சட்டத்தின்கீழ்தான். விடுதலைப் போராட்டத்தை ஒடுக்கப் பிறந்த சட்டம் சுதந்திர இந்தியாவில் பயங்கரவாத வழக்குகளின் அடித்தளமாக நிற்பது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. 2001-இல் இதில் திருத்தம் செய்யப்பட்டு, ஆர்.டி.எக்ஸ். போன்ற ராணுவ வெடிபொருள்கள் தனிச் சிறப்பு வகையாகச் சேர்க்கப்பட்டுக் கடும் தண்டனைகள் விதிக்கப்பட்டன. இதன்கீழ் ஒருவரை விசாரிக்க மாவட்ட ஆட்சியரின் ஒப்புதல் கட்டாயம். அந்த ஒப்புதலைப் பெறுவதில் நேரும் பிழைகள் எதிர்தரப்பு வழக்கறிஞருக்கு வாதமாக அமைவதுண்டு.

இவ்விரண்டில் பயங்கரவாதத் தடுப்புக்கு உண்மையில் முக்கியமானது முதலாவது சட்டமே. தண்டனைச் சட்டம் குண்டு பிடிபட்ட பிறகோ வெடித்த பிறகோதான் செயல்படத் தொடங்குகிறது. உரிமச் சட்டமோ அதற்கு முன்பே வேலை செய்ய வேண்டியது. ஆனால் அதன் பற்கள் மழுங்கிப் போயிருக்கின்றன. உரிமமின்றி வெடிபொருளைத் தயாரித்தால் மூன்றாண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். உரிமமின்றி வைத்திருந்தாலோ விற்றாலோ இரண்டாண்டு வரை சிறை அல்லது 3,000 ரூபாய் வரை அபராதம் என்பது அதிலுள்ள நிலை. ஒரு சாதாரணக் கைப்பேசியின் விலைகூட இல்லாத தொகை இது. இச்சட்டத்துக்கு மாற்றாக மத்திய அரசு 2024-இல் வெளியிட்ட வெடிபொருள்கள் மசோதா வரைவு, இந்த அபராதங்களை முறையே ஒரு லட்சம் ரூபாயாகவும் 50,000 ரூபாயாகவும் உயர்த்த முன்மொழிந்தது.

பெசோ என்னும் காவலன்

இந்த உரிமச் சங்கிலியின் தலைமையில் இருப்பது, பெசோ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. 1898-இல் தோன்றிய இத்துறையின் தலைமையகம் நாக்பூரில் உள்ளது. சென்னையிலும் சிவகாசியிலும் இதற்கு அலுவலகங்கள் உண்டு. இது உள்துறை அமைச்சகத்தின்கீழ் வரவில்லை. வணிகம் மற்றும் தொழில் அமைச்சகத்தின்கீழ் இயங்குகிறது. பெட்ரோல் நிலையங்கள், எரிவாயு உருளைகள், அழுத்தக் கலன்கள் முதல் பட்டாசு ஆலைகள் வரை இதன் பொறுப்பில் உள்ளன. விபத்தைத் தடுப்பதற்காக உருவான ஒரு பாதுகாப்பு அமைப்பிடமே, திருட்டைத் தடுக்கும் பொறுப்பும் காலப்போக்கில் வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. கிடங்குக்கும் குடியிருப்புக்கும் இடையே போதிய தூரம் உள்ளதா என்று அளப்பது ஒரு வேலை. அந்தக் கிடங்கிலிருந்து இரவில் எத்தனை பெட்டிகள் வெளியேறின என்று கண்டறிவது முற்றிலும் வேறு வேலை.

விதிகளைப் பொறுத்தவரை குறை கூற அதிகம் இல்லை. ஒருவர் வெடிபொருள் கிடங்கு அமைக்க வேண்டுமெனில் மாவட்ட நிர்வாகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். காவல்துறை அவரது பின்னணியை விசாரிக்கும். உரிமம் உள்ளவர் உரிமம் உள்ளவருக்கு மட்டுமே விற்கலாம். வாங்குபவர் அதற்கென உள்ள படிவத்தில் கொள்முதல் கோரிக்கை அளிக்க வேண்டும். அனுப்புபவர் ஒவ்வொரு சரக்குக்கும் அனுப்புச் சீட்டு வழங்க வேண்டும். இருப்புப் பதிவேடு அன்றாடம் எழுதப்பட வேண்டும். காணாமற்போனாலோ குறைந்தாலோ காவல்துறைக்கும் உரிமம் வழங்கிய அதிகாரிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். வெடி வைப்பவர் அதற்கான தகுதிச் சான்று பெற்றவராக இருக்க வேண்டும்.

காகிதத்தில் இத்தனை கட்டுகள் இருந்தும் 2010-இல் ஒரு செய்தி நாட்டைத் திடுக்கிட வைத்தது. ராஜஸ்தானின் தோல்பூரிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் சாகர் மாவட்டத்துக்கு அனுப்பப்பட்ட அறுபதுக்கும் மேற்பட்ட லாரி வெடிபொருள்கள், ஆவணங்களில் காட்டப்பட்ட இடத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. ஒரு பெட்டியோ இரண்டு பெட்டியோ அல்ல, லாரி லாரியாக. அனுப்பியவரிடமும் சீட்டு இருந்தது, பெற்றவர் பெயரிலும் பதிவு இருந்தது. இரண்டையும் ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடுதான் இல்லை. கொள்முதலையும் அனுப்புகையையும் இணையவழியில் பதிவு செய்வதும், வெடிபொருள் பெட்டிகளில் குறியீடு அச்சிட்டுத் தடமறிவதும் அவசியம் என்ற கருத்து வலுப்பெற இத்தகைய நிகழ்வுகளே காரணமாயின. பெசோ அத்தகைய தடமறியும் முறையைப் படிப்படியாகச் செயல்படுத்தி வருகிறது.

அமோனியம் நைட்ரேட்: உரமா, வெடிபொருளா?

அமோனியம் நைட்ரேட் என்றதும் உரக்கடையில் விற்கப்படும் பொருள் என்றே பலரும் எண்ணுகின்றனர். பல நாடுகளில் அது உண்மை. இந்திய வயல்களில் கோலோச்சுவது யூரியா. இங்கே அமோனியம் நைட்ரேட்டின் முதன்மைப் பயனாளர்கள் சுரங்கங்களும் அவற்றுக்கு வெடிபொருள் தயாரிக்கும் ஆலைகளும்தான். குஜராத்தின் பரூச், மகாராஷ்டிரத்தின் தலோஜா போன்ற இடங்களில் அது உற்பத்தியாகிறது. விசாகப்பட்டினம் துறைமுகம் வழியாகப் பெருமளவில் இறக்குமதியும் ஆகிறது.

2011 வரை இது சட்டத்தின் கண்ணில் வெறும் வேதிப்பொருள். யாரும் வாங்கலாம், யாரும் விற்கலாம். அவ்வாண்டு ஜூலை மும்பைக் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்து எட்டு நாள்கள் கழித்து, 1884-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்கீழ் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. எடையில் 45 விழுக்காட்டுக்கு மேல் அமோனியம் நைட்ரேட் கொண்ட எந்தக் கலவையும் இனி வெடிபொருளாகவே கருதப்படும் என்றது அது. அதிலிருந்து அமோனியம் நைட்ரேட்டைப் பிரித்தெடுக்க இயலாத உரங்களுக்கு மட்டும் விலக்கு. மறு ஆண்டு ஜூலையில் அமோனியம் நைட்ரேட் விதிகள், 2012 நடைமுறைக்கு வந்தன. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, போக்குவரத்து, விற்பனை, பயன்பாடு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உரிமம் கட்டாயமாயிற்று.

இவ்விஷயத்தில் இந்தியா காட்டிய வேகத்தைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. அமெரிக்காவில் 1995-இல் ஓக்லஹோமா நகரில் 168 பேரைக் கொன்ற குண்டும் இதே பொருளால் ஆனதே. அமோனியம் நைட்ரேட் விற்போரையும் வாங்குவோரையும் பதிவு செய்யுமாறு அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 2007-இல். வரைவு விதி வெளியானது 2011-இல். இறுதி விதி பல ஆண்டுகள் கடந்தும் வரவில்லை. தொழில் துறையின் எதிர்ப்பும் செலவுக் கணக்கும் குறுக்கே நின்றன. ஐரோப்பிய ஒன்றியமோ வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது: குறிப்பிட்ட அளவுக்கு மேல் நைட்ரஜன் செறிவுள்ள அமோனியம் நைட்ரேட்டைப் பொதுமக்களுக்கு விற்பதற்கே அங்கு தடை, சந்தேகத்துக்குரிய கொள்முதல்களைக் கடைக்காரர் காவல்துறைக்குத் தெரிவிப்பதும் கட்டாயம். கடைக்காரரையே கண்காணிப்பின் பங்காளியாக்கும் இந்த ஏற்பாடு இந்திய விதிகளில் போதிய அழுத்தம் பெறவில்லை.

பிறகு வந்தது பெய்ரூட். 2020 ஆகஸ்ட் 4-ஆம் தேதி லெபனான் தலைநகரின் துறைமுகக் கிடங்கில், பறிமுதல் செய்யப்பட்டு ஆண்டுக்கணக்கில் கிடந்த 2,750 டன் அமோனியம் நைட்ரேட் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தச் செய்தி வந்த சில நாள்களிலேயே சென்னை அருகே மணலியில் சரக்குப் பெட்டக நிலையம் ஒன்றின்மீது அனைவரது பார்வையும் திரும்பியது. உர வகை எனக் கூறி இறக்குமதி செய்யப்பட்டு 2015-இல் சுங்கத்துறையால் பறிமுதல் செய்யப்பட்ட சரக்கில், சுமார் 697 டன் அமோனியம் நைட்ரேட் 37 பெட்டகங்களில் அங்கேயே இருந்தது. குடியிருப்புகள் வெகு தொலைவில் இல்லை. ஐந்து ஆண்டுகள் நகராத சரக்கு, ஏலம் விடப்பட்டு அந்த மாதத்திலேயே ஹைதராபாதுக்குப் புறப்பட்டது. ஓரிரு வாரங்களில் செய்ய முடிந்த ஒன்றுக்கு, வேறொரு நாட்டில் பேரழிவு நிகழ வேண்டியிருந்தது.

2021-இல் விதிகள் திருத்தப்பட்டன. அமோனியம் நைட்ரேட்டை மூட்டைகளில் மட்டுமே இறக்குமதி செய்ய வேண்டும். துறைமுகப் பகுதியிலிருந்து 500 மீட்டருக்கு அப்பாலுள்ள கிடங்குகளுக்கு மாற்ற வேண்டும். பறிமுதலான சரக்கை விரைந்து ஏலம் விட வழி செய்ய வேண்டும் என்பன அவற்றுள் முக்கியமானவை. உதிரியாகக் குவித்துக் கையாளும்போது எத்தனை கிலோ சிந்தியது, எத்தனை கிலோ சுருட்டப்பட்டது என்று யாராலும் சொல்ல இயலாது, மூட்டையை எண்ணலாம்.

கடைசிக் கண்ணி

இத்தனைக்குப் பிறகும் கசிவு ஏன் நிற்கவில்லை? விடை பெரிய சுரங்கங்களைவிடச் சிறிய கல் குவாரிகளிலும் கிராமத்துக் கிணறுகளிலுமே அதிகம் உள்ளது.

வெடிபொருளுக்கு மற்ற சரக்குகளுக்கு இல்லாத ஓர் இயல்பு உண்டு. முறையாகப் பயன்படுத்தப்பட்ட ஜெலட்டின் குச்சியும் திருடப்பட்ட குச்சியும் பதிவேட்டில் ஒரே மாதிரிதான் தோன்றும். காலைப் பணியில் நாற்பது குச்சிகள் வெடிக்கப்பட்டன என்று எழுதிவிட்டு முப்பதை மட்டும் பாறைத் துளைகளில் இட்டால், மீதமுள்ள பத்து எங்கே என்று பாறையிடம் கேட்க இயலாது. சான்று வெடியோடு சிதறிவிடுகிறது. வெடி வைப்பவர், குவாரி மேலாளர், கிடங்குக் காவலர் ஆகிய மூவரும் நேர்மையாக இருந்தால் கணக்கு சரி. ஒருவர் விலைபோனாலும் கணக்கு ‘சரியாகவே’ இருக்கும்.

விலைபோவதற்கான சந்தை பயங்கரவாதிகளால் உருவானதன்று. அது உரிமமற்ற குவாரிகளாலும், உரிமம் பெறும் சிரமத்தைத் தவிர்க்க விரும்பும் சிறு ஒப்பந்தக்காரர்களாலும் ஏற்கெனவே உருவாகி இயங்கிக்கொண்டிருக்கிறது. சட்டவிரோதக் குவாரிக்குச் சட்டப்படி வெடிபொருள் கிடைக்காது. ஆனால் அது தடையின்றிக் கல் உடைக்கிறது. அப்படியெனில் எங்கோ ஓர் உரிமக் கிடங்கின் கணக்கில் பொய் எழுதப்படுகிறது என்பதுதான் பொருள். கர்நாடகத்தின் சிவமொக்கா அருகே ஹுணசோடுவில் 2021 ஜனவரி 21-ஆம் தேதி இரவு, குவாரிக்கு வந்த வெடிபொருள் லாரி வெடித்துப் பல தொழிலாளர்கள் இறந்தனர். ஒரு மாதம் கழித்து, சிக்கபள்ளாபூர் மாவட்டத்தில், காவல்துறைச் சோதனைக்கு அஞ்சிப் பதுக்கலை அப்புறப்படுத்த முயன்றபோது ஜெலட்டின் குச்சிகள் வெடித்து ஆறு பேர் உயிரிழந்தனர். மத்தியப் பிரதேசத்தின் பேட்லாவத் நகரில் 2015 செப்டம்பர் 12-இல் நடந்தது இன்னும் கொடியது. கடைத்தெருவில் ஒரு கட்டடத்துக்குள் அடுக்கப்பட்டிருந்த ஜெலட்டின் குச்சிகளும் டெட்டனேட்டர்களும் வெடித்து, அருகிலிருந்த உணவகத்தில் காலைச் சிற்றுண்டிக்கு வந்தவர்கள் உள்பட எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இவை எவையும் பயங்கரவாதச் செயல்கள் அல்ல. ஆயினும் பயங்கரவாதத் தடுப்பில் அக்கறை கொண்டோர் கூர்ந்து படிக்க வேண்டிய நிகழ்வுகள் இவையே. குண்டு தயாரிக்க நினைப்பவன் புதிதாக ஒரு கடத்தல் பாதையை உருவாக்க வேண்டியதில்லை. கள்ளக் குவாரிக்காரர் வாங்கும் அதே இடத்தில் இவனும் ஒரு வாடிக்கையாளனாக நின்றால் போதும். விற்பவனுக்கு வித்தியாசம் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவன் விரும்புவதில்லை.

வழியில் பறிக்கப்படுவதும் உண்டு. சத்தீஸ்கரின் பைலாடிலா இரும்புத்தாதுச் சுரங்கப் பகுதியில் 2006 பிப்ரவரியில் வெடிமருந்துக் கிடங்கைத் தாக்கிய மாவோயிஸ்டுகள், மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினரைச் சுட்டுக் கொன்று டன் கணக்கில் வெடிபொருளை அள்ளிச் சென்றனர். ஒடிசாவின் சுந்தர்கட் மாவட்டத்தில் 2025 மே மாதம், கல் குவாரிக்குச் சென்ற வண்டியை மறித்துச் சுமார் நான்கு டன் வெடிபொருள் கொள்ளையடிக்கப்பட்டது. வழக்கைத் தேசியப் புலனாய்வு முகமை ஏற்றது. இரு சம்பவங்களுக்கும் இடையே பத்தொன்பது ஆண்டுகள். காட்டுப் பாதையில் போதிய காவலின்றிச் செல்லும் வெடிபொருள் வண்டி என்ற பிரச்சினை மட்டும் அப்படியே இருக்கிறது.

கடைசிக் கண்ணியைக் கண்காணிக்க வழியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஒரு டன் பாறையை உடைக்க ஏறத்தாழ எவ்வளவு வெடிபொருள் தேவை என்பது சுரங்கப் பொறியாளர்கள் அன்றாடம் போடும் கணக்கு. குவாரியிலிருந்து எத்தனை டன் கல் வெளியேறியது என்பதை மாநிலக் கனிமவளத் துறை வழங்கும் நடைச்சீட்டுகள் காட்டுகின்றன. அதே குவாரி எத்தனை கிலோ வெடிபொருள் வாங்கியது என்பது பெசோவின் பதிவில் உள்ளது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால், கல்லைவிட வெடிபொருள் அதிகமாக வாங்கிய குவாரி தானாகவே கண்ணில் படும். ஆனால் ஒன்று மாநில அரசின் ஏடு, மற்றொன்று மத்திய அரசின் ஏடு. நடைச்சீட்டு வருவாய்க்காக, வெடிபொருள் பதிவு பாதுகாப்புக்காக. இவற்றைச் சேர்த்துப் படிக்கும் பொறுப்பை எந்த ஓர் அதிகாரியின் மேசையிலும் சட்டம் தெளிவாக வைக்கவில்லை.

பொருளையே மாற்றும் உத்தி

காவலைக் கூட்டுவதற்குப் பதிலாக, திருடினாலும் பயன்படாத பொருளாக மாற்றுவது இன்னொரு வழி. இதில் இந்தியா சில உறுதியான அடிகளை எடுத்து வைத்துள்ளது. நைட்ரோகிளிசரின் அடிப்படையிலான வெடிபொருள்கள் 2004 ஏப்ரல் முதல் தடை செய்யப்பட்டன. கண்டிப்பாகச் சொல்வதெனில், பழைய ஜெலட்டின் அன்றே சந்தையிலிருந்து மறைந்துவிட்டது. இன்று செய்திகளில் நாம் ‘ஜெலட்டின் குச்சி’ என எழுதுபவை பெரும்பாலும் குழம்பு வகை வெடிபொருள்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பெரிய சுரங்கங்களில் இன்று குச்சிகளின் இடத்தைப் பெருமளவு பிடித்திருப்பது களத்திலேயே கலக்கப்படும் மொத்த வெடிபொருள். கலவை வாகனத்தில் வரும் மூலப்பொருள் துளைக்குள் செலுத்தப்படும்போதுதான் வெடிக்கும் தன்மை பெறுகிறது. கிடங்கில் அடுக்கி வைக்க ஒன்றும் இல்லை. திருடவும் ஒன்றும் இல்லை. பெரிய நிலக்கரிச் சுரங்கங்களைவிடச் சிறு குவாரிகளிடமிருந்தே கசிவு அதிகம் வெளிப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது டெட்டனேட்டர் பற்றிய முடிவு. வெடிபொருள் எவ்வளவு இருந்தாலும் அதைத் தூண்டும் கருவி வேண்டும். சாதாரண மின் டெட்டனேட்டர்கள் மலிவானவை, எங்கும் கிடைத்தன, பல பத்தாண்டுகளாக மாவோயிஸ்டுகள் முதல் நகர்ப்புறப் பயங்கரவாதக் குழுக்கள் வரை பலரது கைகளிலும் இருந்தன. அவற்றின் உற்பத்தி, இருப்பு, இறக்குமதி ஆகியவற்றை 2025 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு தடை செய்தது. மாற்றாக முன்வைக்கப்படும் மின்னணு டெட்டனேட்டர் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் உண்டு. அதற்குரிய கருவியிலிருந்து குறியீட்டு ஆணை வந்தால்தான் அது இயங்கும். திருடுபவனுக்கு அது கிட்டத்தட்டப் பயனற்ற உலோகக் குழல். விலை அதிகம் என்ற சிறு குவாரிக்காரர்களின் முறையீட்டில் நியாயம் இருக்கிறது. அந்தச் செலவைக் காரணம் காட்டிப் பழைய சரக்கைப் பதுக்கி விற்கும் புதிய கள்ளச் சந்தை தோன்றாமல் பார்த்துக்கொள்வது இனி மாவட்ட நிர்வாகங்களின் வேலை.

ராணுவ வெடிபொருள்களுக்கோ உலக அளவில் ஓர் ஒப்பந்தம் உள்ளது. ஸ்காட்லாந்தின் லாக்கர்பி வான்வெளியில் 1988-இல் பயணியர் விமானம் தகர்க்கப்பட்டு 270 பேர் இறந்ததைத் தொடர்ந்து, 1991-இல் மான்ட்ரியலில் அது உருவானது. பிளாஸ்டிக் வெடிபொருள்களைத் தயாரிக்கும்போதே, கருவிகளும் மோப்ப நாய்களும் கண்டறியக்கூடிய வேதிப்பொருளை அவற்றில் சேர்க்க வேண்டும் என்பதே அதன் சாரம். இந்தியாவும் அதில் இணைந்துள்ளது.

கைப்பற்றிய பிறகு எங்கே வைப்பது?

இந்தக் கொள்கையில் மிகக் குறைவாகப் பேசப்படும் பகுதி, பயங்கரவாதிகளிடமிருந்து மீட்ட வெடிபொருளை அரசு எப்படிக் கையாள்கிறது என்பதே. ஃபரீதாபாதில் கைப்பற்றப்பட்ட பொருள்கள், முதல் தகவல் அறிக்கை பதிவான ஸ்ரீநகரின் நவ்காம் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. தலைநகரின் ஓரத்திலிருந்து காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு வரை, பல மாநிலங்களைக் கடந்த நெடும்பயணம் அது. 2025 நவம்பர் 14-ஆம் தேதி இரவு, தடய அறிவியல் குழுவினர் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தபோது அவை வெடித்தன. தடய அறிவியல் பணியாளர்கள், காவல்துறையினர், வருவாய்த் துறையினர் எனப் பலியான ஒன்பது பேரில், அக்குழுவுக்கு உதவ வந்திருந்த தையற்காரர் ஒருவரும் அடக்கம். இது விபத்தே, சதியன்று என மத்திய உள்துறை அமைச்சகம் தெரிவித்தது.

வெடிபொருள் வழக்கில் சான்றுப் பொருள் முழுவதையும் விசாரணை முடியும் வரை பாதுகாக்க வேண்டும் என்ற பழக்கம், கத்தியையும் கைத்துப்பாக்கியையும் மனத்தில் வைத்து உருவானது. வீடுகள் சூழ்ந்த காவல் நிலைய வளாகங்கள் வெடிபொருளைச் சேமிக்கக் கட்டப்பட்டவையல்ல. ஒரு குவாரி உரிமையாளர் அந்த அளவு வெடிபொருளை அத்தகைய இடத்தில் வைத்திருந்தால், 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் கிடைத்திருக்க வாய்ப்பே இல்லை.

மாற்று வழி சட்டத்தில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-ஆம் பிரிவின்படி, கைப்பற்றப்பட்ட பொருள் நீதிமன்றத்தின் முன் வந்த 14 நாள்களுக்குள் அதன் விவர அறிக்கை தயாரிக்கப்பட வேண்டும். பொருள் ஒளிப்படமும் காணொளியும் எடுக்கப்பட வேண்டும். அடுத்த 30 நாள்களுக்குள் அதை அழிப்பது அல்லது வேறு வகையில் தீர்வு செய்வது குறித்து நீதிமன்றம் ஆணையிட வேண்டும். அந்தப் படங்களும் அறிக்கையும் விசாரணையில் சான்றாக ஏற்கப்படும். நவ்காமில் பொருள் வந்து சேர்ந்து சில நாள்களே ஆகியிருந்தன. 14 நாள் கெடு முடிவதற்கு முன்பே வெடிப்பு நிகழ்ந்துவிட்டது. கைப்பற்றிய இடத்துக்கு அருகிலேயே, உரிமம் பெற்ற கிடங்கு ஒன்றில் மாதிரி எடுத்து, மீதியை அங்கேயே அழிக்க அனுமதிக்கும் தனி நடைமுறையை மாநிலக் காவல்துறைகளும் பெசோவும் இணைந்து வகுக்க, புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.